120 எண்கள், கூப்பிட ஒருவர் இல்லை

கேள்வி: ஐயா, போன ஜூனில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். வெளிமாநிலத்தில் கல்லூரி, விடுதியில் தங்கிப் படிக்கிறேன். எங்கள் பேட்ச்சில் 120 பேர். ஓரியன்டேஷன், ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி, சீனியர்கள் நடத்திய நெட்வொர்க்கிங் நைட், கிளப் தேர்வு என்று ஒன்றையும் விடாமல் போய்வந்தேன். எல்லோருடைய எண்ணும் என் போனில் இருக்கிறது. போன வாரம் ஒரு ராத்திரி காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஒரு மாத்திரை வாங்கித் தரச் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். நான் கலகலப்பாகப் பேசுகிறவள் இல்லை; அதனால்தானா? இத்தனை பேரைத் தெரிந்தும் ஏன் ஒருவரும் நெருங்கவில்லை? இதை மாற்ற முடியுமா?

– எம்.பி.ஏ. முதலாண்டு மாணவி, நாமக்கல்

பதில்: காய்ச்சல் விட்டுவிட்டது என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சி வந்தது. காய்ச்சலுக்காக அல்ல, கேள்வியின் கூர்மைக்காக. நிறுவன நடத்தை என்று ஒரு பாடம் உங்களுக்கும் இருக்கும். வேலையிடத்தில் மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகுகிறார்கள், ஏன் அப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்கிற பாடம். அதை நெடுநாள் நடத்தியவன் நான். மாணவர்களுக்குள் எவ்வளவு ஒட்டுதல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பெரிய பெரிய வினாத்தாள்களைக் கொடுத்திருக்கிறோம். ‘ராத்திரி ஒரு மாத்திரை வாங்கித் தரச் சொல்ல யாரைக் கூப்பிடுவாய்?’ என்ற ஒரே கேள்வி அவை அத்தனையையும்விட நன்றாக அளந்துவிடும் என்று இப்போது தோன்றுகிறது.

உங்கள் மேலேயே நீங்கள் போட்டுக்கொண்ட பழியை முதலில் இறக்கி வைப்போம். கலகலப்பு இல்லாததால் நண்பர் இல்லை என்பது பலரும் நம்புகிற ஒன்று. 2018-இல் எரிகா பூத்பி, கஸ் கூனி, கில்லியன் சேண்ட்ஸ்ட்ராம், மார்கரெட் கிளார்க் ஆகிய நால்வர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முன்பின் தெரியாத இருவரைச் சிறிது நேரம் பேசவிட்டு, பிறகு இருவரையும் தனித்தனியே கேட்டார்கள்: ‘எதிரில் இருந்தவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது? அவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும்?’ சராசரியாகப் பார்த்தால், தங்களை எதிராளிக்கு உண்மையில் பிடித்திருந்த அளவைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். இதற்குப் ‘பிடிப்பு இடைவெளி’ என்று பெயர் வைக்கலாம்: உண்மைக்கும் நம் ஊகத்துக்கும் நடுவே விழும் பள்ளம். யேல் பல்கலைக்கழக விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடமும் இந்தப் பள்ளம் பல மாதங்கள் தூராமலே இருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆழமாக இருந்தது. அதாவது, கூச்சக்காரர்களைப் பிறருக்குப் பிடிக்காமல் போவதில்லை. ‘நம்மை இவருக்குப் பிடிக்கவில்லை போலும்’ என்று அவர்களே எழுந்து போய்விடுகிறார்கள். அன்று நீங்கள் போனைக் கீழே வைத்தது இதே கணக்கில்தான். பட்டியலில் இருந்த நாலைந்து பேராவது கூப்பிட்டால் எழுந்து வந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

இரண்டாவது தவறான எண்ணம் உங்களுடையது அல்ல, கல்லூரிகளுடையது: நிறைய விழா நடத்தினால் மாணவர்கள் ஒட்டிக்கொள்வார்கள் என்பது. இதையும் ஒரு நிர்வாகவியல் கல்லூரியிலேயே சோதித்திருக்கிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், வேலையில் இருந்துகொண்டே எம்.பி.ஏ. படித்த சுமார் நூறு பேருக்கு ஒரு மாலை விருந்து. பால் இங்ராம், மைக்கேல் மோரிஸ் என்ற இரு பேராசிரியர்கள் வந்தவர்கள் சட்டையில் மின்னணு அட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். யார் யாரோடு எவ்வளவு நேரம் நின்று பேசினார் என்று அது குறித்துக்கொள்ளும். வருவதற்கு முன் கேட்டபோது, புதியவர்களைச் சந்திக்கத்தான் வருகிறோம் என்று பெரும்பாலோர் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் ஏற்கெனவே அவரவருக்குத் தெரிந்தவர்கள். அந்த மூன்றில் ஒரு பங்கினரோடுதான் பாதி நேரம் போனது. 2007-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தல்தான் என் நினைவுக்கு வந்தது. நூறு புதுமுகம் இருந்தாலும் நம் கால் நம் சித்தப்பா உட்கார்ந்திருக்கிற நாற்காலிப் பக்கம்தானே போகும்!

புதியவர்களோடு பேசினாலும் என்ன ஆகிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி மூன்று மணி நேரம் நடந்திருக்கும். மீதி 119 பேருக்கும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அதில் பெயர், ஊர், முன்பு படித்த கல்லூரி, வேலை அனுபவம் உண்டா இல்லையா என்பதோடு நேரம் தீர்ந்துவிடும். அந்த அறிமுகத்துக்கும் ஒரு பயன் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். மாத்திரை வாங்கித் தருகிற உறவுக்கு அது போதாது.

அப்படியானால் நெருக்கம் எங்கிருந்துதான் வருகிறது? மூன்று பொருள்கள் சேர வேண்டும்: இடம், நேரம், ஒருவரை ஒருவர் நம்பியே ஆக வேண்டிய வேலை. உங்கள் கல்லூரியில் மூன்றில் எது குறைகிறது என்று பார்ப்போம்.

இடத்தைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வு அமெரிக்காவின் எம்.ஐ.டி. குடியிருப்பில் நடந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த மணமான மாணவர்களுக்கு வெஸ்ட்கேட் என்ற வளாகத்தில் வீடு ஒதுக்கினார்கள். காலியாகிற வீடு அடுத்து நிற்கிறவருக்கு. பக்கத்து வீட்டில் யார் என்று யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் அங்கே போய், யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று விசாரித்தார்கள். 1950-இல் அது புத்தகமாக வந்தது. அடுத்த கதவில் இருந்தவரை நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். ஒரு கதவு தள்ளிப் போனால் 22. அதே தளத்தின் மறுகோடியில் இருந்தவர்களுக்கு 10 சதவீதம்தான். ஒரு கதவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே சில அடி தூரம்தான். அந்தச் சில அடியில் நட்பு பாதியாகிவிடுகிறது. மாடிப்படியை ஒட்டி இருந்த வீட்டுக்காரர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் இருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்களா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். இதை ‘அருகாமை விளைவு’ என்போம்: திட்டமிடாமல் அடிக்கடி எதிர்ப்படுகிறவர்கள் நமக்கு நெருங்கிப்போவது.

வீடு வரை போக வேண்டாம், நாற்காலியே போதும் என்று காட்டியது ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. முதல் நாள் வகுப்புக்கு வந்த 54 மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி உட்காரவைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், அன்று பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குள்தான் நட்பு கூடுதலாக இருந்தது. 2008-இல் இது வெளியானது. வாழ்நாள் நண்பரைக் குணம் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பாதி வேலையை ஒரு பெஞ்ச் செய்திருக்கும்.

நிர்வாகவியல் கல்லூரியைக் கட்டியவர்களில் இதை உணர்ந்தவர் ஒருவர் இருந்தார். அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961-இல் தொடங்கியது. அதன் செங்கல் கட்டடங்களை வடிவமைத்தவர் லூயி கான். அங்கே விடுதி அறைகளை நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக அவர் அடுக்கவில்லை. பத்துப் பத்து அறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் நடுவே ஒரு மாடிப்படியும் ஒரு தேநீர்க் கூடமும் வைத்தார். அறையை விட்டு வெளியே வந்தால் அந்தக் கூடத்தில் கால் வைத்தே ஆக வேண்டும். தேநீர் குடிக்க வந்தவர் அங்கேயே பாடமும் பேசலாம், வம்பும் பேசலாம். அந்த விடுதியின் ஒரு படிக்கட்டு, உங்கள் நெட்வொர்க்கிங் நைட் பத்தை விட அதிகம் வேலை செய்திருக்கும் என்று தயங்காமல் சொல்வேன்.

இப்போது உங்கள் விடுதியை நினைத்துப் பாருங்கள். புதிய விடுதிகள் பலவற்றில் தனி அறை, உள்ளேயே குளியலறை, வாசல் வரை வருகிற சாப்பாட்டு டெலிவரி. வசதி கூடியிருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பொதுக் குழாயடியில் வாளியோடு காத்திருந்தபோது பழைய மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைத்த ஒன்று, அந்த வசதியோடு சேர்ந்து காணாமல் போனது. இன்று அதைக் கொஞ்சம் முயன்றுதான் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து நேரம். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், அறிமுகமானவர் நண்பராக எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்கெடுத்தார். புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் கேட்டார். 2018-இல் வெளிவந்த அவருடைய கணக்குப்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரம். நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90. நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குச் சீக்கிரம் நடக்கும், சிலருக்குத் தாமதமாகும். ஆனால் அந்த ஆய்வில் உங்களுக்கு மிகவும் பொருந்துகிற செய்தி வேறு: வகுப்பிலும் வேலையிலும் ஒன்றாக இருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை. சேர்ந்து சாப்பிட்டது, நடந்தது, வெட்டிப் பேச்சுப் பேசியது, சும்மா உட்கார்ந்திருந்தது ஆகியவைதான் சேர்ந்தன.

நீங்கள் 120 பேரோடு ஒரே வகுப்பில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் இருக்கிறீர்கள். அது கிட்டத்தட்ட கணக்கில் வராத நேரம். மிச்ச நேரம் கேஸ் படிப்பதிலும், வினாடி வினாவுக்குத் தயாராவதிலும், கிளப் வேலையிலும், சம்மர்ஸ் என்கிற கோடைக்காலப் பயிற்சி வேலைக்கான நேர்முகத்துக்கு ரெஸ்யூமே திருத்துவதிலும் போய்விடுகிறது. ஒருவரோடு ஒன்றரை நிமிடம் கிடைக்கிற பார்ட்டி வழியாகவே 50 மணி நேரத்தை எட்ட வேண்டுமென்றால் 2,000 பார்ட்டி வேண்டும். அதையே வேறு விதமாகப் போட்டுப் பாருங்கள். இரவுச் சாப்பாடு முக்கால் மணி நேரம். அதே மூன்று நான்கு பேரோடு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தால், 120 நாளில் 90 மணி நேரம் வந்துவிடுகிறது. உங்கள் 120 பேரும் இந்த 120 நாளும் தற்செயலாக ஒத்துப்போகின்றன; எனக்கென்னவோ நாட்களின் பக்கம்தான் கனம் அதிகம் என்று படுகிறது.

மூன்றாவது, நம்பியே ஆக வேண்டிய வேலை. எம்.பி.ஏ. கல்லூரிக்கே உரிய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பல கல்லூரிகளில் ரிலேட்டிவ் கிரேடிங் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதைவிட, வகுப்பில் உங்களுக்கு மேலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து கிரேடு போடும் முறை. நான் 80 வாங்கி நீங்கள் 85 வாங்கினால் என் 80-க்கு மதிப்புக் குறைந்துவிடும். மாணவர்கள் இதை ‘ஆர்ஜி’ என்று சுருக்கி, நோட்ஸ் தராமல் ஒளித்துவைக்கிறவனுக்கும் அதையே பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். வகுப்பில் கை தூக்கிப் பேசினால் அதற்கு ஒரு மதிப்பெண். அங்கே பக்கத்து நாற்காலிக்காரர் சொல்ல நினைத்ததை நீங்கள் முந்திச் சொன்னால் அவருக்கு நட்டம். பிறகு பிளேஸ்மென்ட் வருகிறது: ஒரே கம்பெனி, ஒரே நாள், மூன்று இடம், முப்பது பேர். பக்கத்தில் இருப்பவர் தோழியாகவும் போட்டியாளராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். இந்த ஏற்பாட்டில் மனம் தானாகவே ஓர் அடி பின்னால் நிற்கும். இது உங்கள் குணக்கேடு அல்ல, அவர்களுடையதும் அல்ல. கிரேடு போடும் முறைதான் உங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்தாகத்தானே குரூப் அசைன்மென்ட் இருக்கிறது என்று கேட்பீர்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். ஐந்து பேர், இருபது ஸ்லைடு, ஆளுக்கு நாலு. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் எல்லாவற்றையும் வாங்கி ஒட்டுகிறார். எழுத்துரு ஒன்றாக இருந்தால் போதும், உள்ளே ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்திருக்கவே மாட்டார். ஒருவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார். மற்ற நால்வருக்கும் அவர் மேல் கோபம். ஒன்றாகச் செய்தது போலத் தெரிகிற இந்த வேலையில் யாரும் யாரையும் நம்பவே வேண்டியிருக்கவில்லை.

இதே சிக்கலை 1971-இல், டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் தீர்த்துக் காட்டினார். அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அடிதடி. அரான்சன் வகுப்பறையில் போய் உட்கார்ந்து கவனித்தபோது, ஆசிரியர் கேள்வி கேட்பதும் ஆறு பிள்ளைகள் முந்தியடித்துக் கை தூக்குவதும்தான் தெரிந்தது. பதில் சொன்னவனை மற்ற ஐவருக்கும் பிடிக்கவில்லை. அவர் செய்த மாற்றம் எளியது. பாடத்தைத் துண்டுகளாக்கி, சிறு குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். மற்ற துண்டுகள் வேறு எங்கும் கிடைக்காது. தேர்வோ முழுப் பாடத்துக்கும். அப்படியானால் பக்கத்தில் இருப்பவன் திக்கித் திக்கிச் சொன்னாலும் கேட்டே ஆக வேண்டும். அவனுக்குப் புரியும்படி கேள்வி கேட்டு வெளியே கொண்டுவரவும் வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் படம் ஆக்குகிற விளையாட்டின் பெயரில் ‘ஜிக்சா வகுப்பறை’ என்று இதைச் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குள் பிடிப்பு வளர்ந்தது. பின்தங்கியிருந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது.

உங்கள் வகுப்பறை நாற்காலிகள் குஷன் வைத்தவையாக இருக்கலாம்; உள்ளே நடக்கிற கை தூக்கல் அதேதான். ஆகவே அடுத்த குரூப் வேலையில் இதைச் செய்து பாருங்கள். பகுதிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒட்டுவதற்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவரவர் பகுதியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்பதைக் காலையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். நிதிப் பகுதி வணிகவியல் படித்தவரிடமே வந்து சேரும் என்ற உறுதி போய்விட்டால், முந்தைய நாள் பேச்சு வேறு மாதிரி நடக்கும். பி.காம். படித்தவர் பொறியியல் படித்தவருக்கு இருப்புநிலைக் குறிப்பைச் சொல்லிக்கொடுப்பார். மறுநாள் இவர் அவருக்கு எக்செல் காட்டுவார். என் வகுப்புகளில் இப்படி நடத்திய குழுக்கள் முதல் வாரம் முணுமுணுக்கும். மூன்றாவது வேலைக்கு, ‘குழுவை மாற்றாதீர்கள் சார்’ என்று வந்து நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெஸ்ஸில் இந்திக்காரர்கள் ஒரு மேசை, மலையாளிகள் ஒரு மேசை, நம்மவர்கள் ஒரு மேசை என்று பிரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒத்தவர் ஒத்தவரை நாடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். சமூகவியலில் ‘ஒப்புநாட்டம்’ என்று சொல்லலாம். இதைக் குற்றமாகப் பார்க்கிற பேராசிரியர்கள் உண்டு. எனக்கு உடன்பாடு இல்லை. வெளிமாநிலத்தில் தமிழில் நாலு வார்த்தை பேசி ரசம் சாதத்தைப் பற்றிப் புலம்புவது மனதுக்குத் தேவையான ஓய்வு. அந்த மேசையை விடாதீர்கள். வாரத்தின் எல்லா வேளையும் அங்கேயே என்று மட்டும் ஆக்கிக்கொள்ளாதீர்கள்.

இப்போது அந்த 120 எண்களுக்கு வருகிறேன். வீண் என்று அழித்துவிடாதீர்கள். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், பாஸ்டனை ஒட்டிய நியூட்டன் நகரில் தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்பது அவர் கேள்வி. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது: நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து அறிமுகம்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும். இதை ‘மெல்லிய பிணைப்பு’ என்கிறோம். 2022-இல் லிங்க்ட்இன் தளத்தில் ஐந்தாண்டுகளாக இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த சோதனையிலும், மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு மெல்லிய பிணைப்புகளே வேலை மாற அதிகம் உதவின. ஆகவே அந்தப் பட்டியல் நாளைக்கு வேலை வாங்கித் தரலாம். இன்றைக்கு மாத்திரை வாங்கித் தராது. கல்லூரிகள் இரண்டையும் நெட்வொர்க் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு, முதலாவதற்கு மட்டும் மேடை போடுகின்றன. உங்கள் குழப்பம் முழுக்க இங்கிருந்துதான் வருகிறது.

கூடப் படித்தவர்களின் பிடி எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முதலாண்டு மாணவர்களைச் சுமார் 90 பேர் கொண்ட செக்‌ஷன்களாகப் பிரிக்கிறார்கள். யார் எந்த செக்‌ஷன் என்பது மாணவர் கையில் இல்லை; ஆண்டு முழுக்க எல்லா வகுப்பும் ஒன்றாகத்தான். பின்னாளில் நிறுவனத் தலைவர்களான அவர்களை கெல்லி ஷூ என்ற நிதியியல் ஆய்வாளர் தேடிப் பார்த்தார். ஒரே செக்‌ஷனில் படித்தவர்களின் சம்பளமும், பிற நிறுவனங்களை வாங்குவதில் அவர்கள் எடுத்த முடிவுகளும், அதே ஆண்டு வேறு செக்‌ஷனில் படித்தவர்களுடையதைவிட ஒத்துப்போயின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பழைய மாணவர் சந்திப்பை அடுத்த காலத்தில் அந்த ஒற்றுமை இரு மடங்குக்கும் மேலானது. ஒரே அறையில் உட்கார்ந்த ஓராண்டு அத்தனை தூரம் தொடர்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. விழாக்களைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரம், ஓர் இடம், மூன்று நான்கு பேர் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாடோ, மாலை நடையோ, பதினொரு மணி டீயோ எதுவானாலும் சரி. பக்கத்து அறைக்காரரிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்தவராக அவர் இருக்க வேண்டும் என்பதில்லை. பிடிப்பு பிறகு வரும். வகுப்பில் நாற்காலியை நாளுக்கொன்றாக மாற்றாதீர்கள். பிறகு, உதவி கேளுங்கள். தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகளிடம் நான் பார்த்த பழக்கம், யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று பொறுத்துக்கொள்வது. விடுதியில் அது நட்புக்கு ஆகாது. ஒருவர் நோட்டைக் கேட்டு வாங்கினால், அவர் நாளை உங்களிடம் சார்ஜர் கேட்பார். கடன் தீராமல் இருக்கிற வரைக்கும் கதவு திறந்தே இருக்கும்.

இதைப் படிக்கிற கல்லூரி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விழாவுக்கு வைத்திருக்கிற பணத்தில் விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு டீ கெட்டில் வையுங்கள். முதல் பருவத்துக்காவது ரிலேட்டிவ் கிரேடிங்கை நிறுத்தி வையுங்கள்.

ஒரு செய்தி, தேவைப்பட்டால் மட்டும். தனிமை வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டால் விடுதி வார்டனிடமோ கல்லூரி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த காய்ச்சல் வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது பக்கத்து அறைக் கதவைத் தட்டி, ‘சாப்பிட வருகிறாயா?’ என்று கேளுங்கள். நாளைக்கும் தட்டுங்கள். நாலு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.